எஃப் ஒன்றை அழுத்தவும்

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
மழை என்றால் மின்சாரம் போகும், வரும், இடிக்கும்.
பயந்துகொண்டு இரவில்
கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் மாட்டினால்
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
வீட்டில் மற்றதெல்லாம் ஸ்பானிஷ் பேசும்,
அந்தத் திரை மட்டும் ஆங்கிலம்.
அகராதியை மடியில் வைத்து அவிழ்த்தேன்:
கூட்டுத்தொகையில் பிழை.
தொடர, எஃப் ஒன்றை அழுத்தவும்.

கூட்டலில் பிழையா?
பதினெட்டு வருஷமாக
ஓயார்சூன் பேக்கரியின் கணக்கு என் கையில்.
ஒரு பேஸோ இடித்ததில்லை.
யாரைப் பார்த்துச் சொல்கிறாய் என்று
கேட்டுக்கொண்டே அழுத்தினேன்.
உள்ளே விட்டது.

வங்கிதான் விடவில்லை.
இதன் சான்றிதழ்
இன்னும் நடப்புக்கு வரவில்லை, என்றது.
அந்த ‘இன்னும்’
அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிஷம் புல்லாங்குழல்.
பிறகு ஒரு பெண்: அணைத்துப் போட்டுப் பாருங்கள், செனோரா.
அணைத்துப் போட்டேன்.
எஃப் ஒன்று.

இரவு முழுக்க வைரஸ் தேடினேன்.
மூன்று சிக்கின.
மூன்றும் நிரபராதிகள்.

தங்கை மகன் எலியேசர் வந்தான்.
பெட்டியைத் திறந்து ஊதினான், மூடினான்,
எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினான்.
சீலோயே தீவில் எடுத்த படங்களும்
அந்த ‘எல்லாவற்றில்’ சேர்த்தி.
ஆப்பிள் கேக் இரண்டு துண்டு தின்றுவிட்டு
இனிமேல் வராது அத்தை, என்று போனான்.
மறுநாள் அகராதி தேவைப்படவில்லை.
மனப்பாடமாகியிருந்தது.

கடைசியில் துப்புக் கொடுத்தவர்
விடுதிக்கார ஃபுவென்தெயால்பா.
எத்தெல்வினா, உன் பில் வந்தது,
நாற்பது கிலோ ரொட்டிக்கு, தேதி
ஒன்று ஜனவரி இரண்டாயிரத்து இரண்டு.
அப்போது இங்கே விடுதி ஏது, மரம் அறுக்கும் ஆலை அல்லவா.
பன்னிரண்டு வருஷ வட்டியும் சேர்த்து அனுப்பவா?
சிரித்துச் சிரித்து இருமினார்.

போனை வைத்துவிட்டு
திரையின் வலது மூலையை
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தேன்.

வெளியே ஆற்றுக்கும் தெருவுக்கும் வித்தியாசமில்லை.
அடுப்பில் மூன்றாவது கட்டை.
நாற்காலி முதுகில் காயாத காலுறைகள்.
மேசையடியில் அந்தப் பெட்டிக்கு மட்டும்
கோடை.
விடிந்தால் புத்தாண்டு, மறுபடி விடிந்தால் மறுபடி.

அது பொய் சொல்லவில்லை.
அது நிற்கும் நாளிலிருந்து பார்த்தால்
வங்கியின் சான்றிதழ் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அந்த ஜனவரி ஒன்றாம் தேதி
நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?
வெகு நேரம் யோசித்தேன்.
வேறொருத்திக்கு அன்று
ஒரு முத்தமோ சாவோ இருந்திருக்கும்.
பேக்கரிக்கு விடுமுறை.
முந்தின நாள் ரொட்டியைச் சுட்டுத் தின்றிருப்பேன்.
அவ்வளவுதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைத் திறந்தேன்.
நான்கு திருகில் ஒன்று இல்லை (எலியேசர்).
தூசிக்கு நடுவே
நூறு பேஸோ நாணயம் போல ஒரு பேட்டரி,
செத்து எத்தனை நாளோ.
கடைகள் மூடியிருந்தன.
இதே முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று
வீடெல்லாம் சுற்றினேன்:
ரிமோட் இல்லை, சுவர்க்கடிகாரம் இல்லை,
குளியலறையில், எடை பார்க்கும் தராசின் வயிற்றுக்குள்
இருந்தது.

மாற்றினேன்.
தேதியைக் கையால் சொல்லித்தர வேண்டும்.
கூட்டல் குறியைத் தட்டினால் ஒரு வருஷம் நகரும்.
மூன்று. நான்கு. ஐந்து.
பூகம்ப வருஷத்தை வேகமாகத் தாண்டினேன்.
பதினான்கைத் தவறிப்போய்
பதினைந்துக்குப் போய்விட்டேன்,
திரும்பி வந்தேன்.

வங்கி திறந்தது.
ஃபுவென்தெயால்பா பணம் போட்டிருந்தார், வட்டியில்லாமல்.
தராசில் ஏறினால்
ஒன்றும் சொல்வதில்லை. அவசரமில்லை, இருக்கட்டும்.

இன்று காலை பிளக்கை மாட்டினேன்.
கறுப்புத் திரை வந்து, பேசாமல் போனது.
என் விரல் அதற்குள்
பழக்கத்தில் எஃப் ஒன்றை அழுத்திவிட்டது.
ஒரு சின்ன ஜன்னல் திறந்து
என்ன உதவி வேண்டும் என்று கேட்டது,
ஸ்பானிஷில்.